அப்பா பேய் வேஷம் கட்டிய நாள்

ஒன்பது வயதில் ஒரு ஜப்பான்காரப் பையனை நெற்றியில் அடித்து வீங்க வைத்தவள் நான். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது, அதைக்கொண்டு அடித்தேன். அவனுக்கு ஆறு வயது. என்னிடம் அவன் வம்புக்கு வந்ததே இல்லை. பென்சில் கேட்டால் இரண்டு கொடுப்பான். எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் போகும், மூளை பின்னால் நடந்து வரும். இப்போதும் பெரிய மாற்றம் இல்லை. கை மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

அப்போது நாங்கள் ஓசூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தோம். ஊரில் என்றால் ஊருக்குள் இல்லை, காலனியில். தாத்தா காலத்திலிருந்து மாந்தோப்புக் கூலி வேலை. அப்பா மட்டும் எப்படியோ வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு மாங்காய் சீசனில் டெம்போ ஓட்டினார். சீசன் முடிந்தால் டெம்போ ஓரமாக நிற்கும். அப்பாவும் நிற்பார். பிறகு ஒரு டிராவல்ஸ்காரர் அவரை ஓசூரில் ஒரு ஜப்பான் பொறியாளருக்கு டிரைவராகப் போட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கறுப்பு ஷூ. அதே வீட்டில் பாத்திரம் துலக்கவும் காய் நறுக்கவும் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அந்த ஒரு வீட்டை நம்பித்தான் மூன்று பேரும் கிளம்பி வந்திருந்தோம்.

பள்ளி விட்டதும் நான் நேராக அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு ஆள் இருக்காது. உள்ளே விடும் முன் அம்மா தினமும் என் காதைப் பிடித்து ஒரே பாட்டைப் பாடுவாள்.

"உங் கோவத்த வெளியவே வுட்டுட்டு வா. இந்த வேல போச்சின்னா திரும்பக் காலனிதான். அங்க போயி ஆடு மேய்."

ஆடு மேய்ப்பது எனக்குப் பிடிக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தது. இதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஒரே கதவு. விருந்தாளி, குப்பை, தண்ணீர்க்குடம், எல்லாம் அதே வழி. இங்கே முன்னால் தேக்குக் கதவு, பின்னால் சமையலறைக்கு ஓர் இரும்புக் கதவு. கார் நிற்கும் இடத்திலிருந்து முன்வாசலுக்குப் பதினொரு அடி. பின்வாசலுக்குக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தண்ணீர் மோட்டார், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் தாண்டி நாற்பத்து மூன்று அடி. நான் கால் வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்பா எப்போதும் அந்த நாற்பத்து மூன்று அடியைத்தான் நடப்பார். டிபன் பாக்ஸ் வாங்க, பை வாங்க, குடிக்கத் தண்ணீர் கேட்க, எதற்கும் அந்த வழிதான். ஏன் சுற்றிப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க நெழலா இருக்குது பாப்பா," என்றார்.

நிழலும் இருக்கத்தான் செய்தது. நான் நம்பிவிட்டேன்.

மாடியில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். சூளகிரிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள், எங்களிடம் தமிழில். வீட்டுக்காரம்மாவுக்குப் பகல் முழுக்கப் பால்கனியில்தான் வேலை. கீழே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், குப்பையில் என்ன விழுகிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கீழே ஜப்பான் குடும்பம். சார், மேடம், ஆறு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். பையன் பெயர் கென்ட்டா. அம்மா அவனைக் கெண்டை என்றுதான் கூப்பிடுவாள். அவனும் திரும்பிப் பார்ப்பான். மேடத்துக்குத் தமிழில் பத்துப் பன்னிரண்டு சொல் தெரியும். போதும், உப்பு, வாங்க, நாளைக்கு, இப்படி. எல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்பாவை டிரைவர்-சான் என்பார். சான் என்றால் மரியாதை என்று அப்பா எங்களிடம் பெருமையாகச் சொன்னார். எங்கள் ஊரில் அவரை யாரும் மரியாதை சேர்த்துக் கூப்பிட்டதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மேடம் ஒரு நாள் அம்மாவிடம் தோலோடு வறுத்த வேர்க்கடலை வேண்டும் என்று கேட்டார். கேட்டார் என்றால், காகிதத்தில் கடலைக்காயைப் படம் போட்டுக் காட்டி, சுற்றிலும் நெருப்புப் போட்டுக் காட்டினார். அம்மா சொந்தக்காரர் மூலம் ஊரிலிருந்து இரண்டு படி கடலைக்காய் வரவழைத்து மணலில் வறுத்துக் கொடுத்தாள். எனக்குக் கிடைக்கும் என்று இருந்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேடம் முழுவதையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி மேலே வைத்துவிட்டார். பையன் அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்துக் குதித்தான்.

தின்னாத கடலையை வறுப்பானேன்? எனக்கு அந்த வாரம் முழுக்க இதே யோசனை.

அடுத்து மத்தி மீன். ஏரிக்கரை மீன்கடையிலிருந்து அம்மா வாங்கி வந்தாள். மேடம் உடம்பை விட்டுவிட்டுத் தலையை மட்டும் அடுப்பில் சுட்டார். வீட்டுக்காரம்மாவின் எலுமிச்சை மரத்திலிருந்து முள்ளுள்ள ஒரு குச்சி ஒடித்து வரச் சொன்னார். நான்தான் ஒடித்து வந்தேன், கையில் கீறலோடு. சுட்ட மீன் தலையை அந்தக் குச்சியில் குத்தி, முன்வாசல் நிலையில் கட்டிவைத்தார். தேக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, அதற்கு மேல் கண்ணை விழித்தபடி ஒரு மத்தித் தலை.

வெள்ளிக்கிழமை வேறு. வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து பார்த்துவிட்டு நாலடி பின்னால் போனார். அப்பாவைக் கூப்பிட்டு, இது என்ன செய்வினையா, யாருக்கு வைத்திருக்கிறார்கள், தன் வீட்டுக்காரருக்கு மூன்று நாளாக முதுகுவலி, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மீன் தலை குப்பைக்குப் போகும் என்பது மட்டும் தெரிந்தது.

"கண்ணுபடாம இருக்கறதுக்குங்க. நாம பூசணிக்கா கட்றாப்பல, அவங்க மீனு," என்றார்.

சொந்தமாக அடித்துவிட்ட கதை. வீட்டுக்காரம்மா அரை மனதாக மேலே போனார். அது ஏறக்குறைய சரியான பதில் என்பதே எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் பையன் ஒரு முகமூடி செய்தான். காகிதத் தட்டில் சிவப்புப் பெயின்ட், உருண்டைக் கண், கோரைப்பல், உல்லன் நூலில் முடி, சார்ட் பேப்பரில் இரண்டு கொம்பு. இரண்டு நாள் வேலை. யாருக்கு என்று நான் ஜாடையில் கேட்டேன். அவன் ஒரு படப்புத்தகத்தைக் காட்டினான். சிவப்பாக ஒரு பேய். புலித்தோலை இடுப்பில் கட்டியிருந்தது. பிள்ளைகள் அதன்மேல் எதையோ வீசி வெளியே துரத்துகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். எனக்கு மளமளவென்று புரிந்தது. கடலைக்காய் வீசுவதற்கு. மீன் நாற்றத்துக்குப் பேய் ஓடும். இது அவர்கள் ஊர்ப் பண்டிகை. பேய் யார் என்று கேட்டேன். அவன் சுவரில் மாட்டியிருந்த அவன் அப்பா போட்டோவைக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஏதோ கிண்டல் செய்கிறான் என்று விட்டுவிட்டேன்.

பண்டிகை நாளில் சார் ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நாலரைக்கே பிள்ளைகளுக்கு நல்ல சட்டை போட்டாயிற்று. சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் கடலைக்காய் நிரப்பி ஆளுக்கு ஒன்று கொடுத்தார் மேடம். எனக்கும் ஒன்று. சதுரப் பெட்டி, ஆணியே இல்லாமல் கூட்டியது, நல்ல வாசனை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேக்டரியில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது. சார் வர முடியாது. ராத்திரிச் சாப்பாட்டை டிரைவரிடம் கொடுத்தனுப்பவும்.

மேடம் போனை வைத்துவிட்டுப் பையனிடம் சொன்னார். அவன் அழவில்லை. முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு முன்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் தங்கை உட்கார்ந்தாள். இரண்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. மேடமும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. தெருவில் இன்னொரு வீடு இந்தப் பண்டிகையைக் கொண்டாடியிருந்தால் அங்கே போய் வேடிக்கையாவது பார்க்கலாம். ஓசூரில் அன்று அந்த ஒரே வீட்டில்தான் அது இருந்தது. அங்கேயும் பேய் வரவில்லை.

அப்பா சாப்பாடு வாங்க வந்து பின்வாசலில் நின்றார். மேடம் அவரைப் பார்த்தார். முகமூடியைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்து, தலை குனிந்து, அப்பாவிடம் நீட்டினார்.

"டிரைவர்-சான். ப்ளீஸ்."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"செய்யேன். கொழந்தைங்க மூஞ்சி செத்துப் போய்க் கெடக்குது," என்றாள் அம்மா.

மஞ்சள் துண்டு ஒன்றில் மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதுதான் புலித்தோல். அப்பாவின் வெள்ளைப் பேன்ட்டுக்கு மேல் அம்மாவே அதைக் கட்டிவிட்டாள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. ஷூவைக் கழற்றிப் பின்வாசலில் வைத்துவிட்டு, முகமூடியோடு சமையலறை வழியாக ஹாலுக்குள் போனார். அந்த ஹாலை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். முகமூடியின் ஓட்டை வழியாக.

ஜப்பான் பேய் எப்படி நடக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? கொம்பு இருந்தது, அது போதும் என்று முடிவுசெய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறகு எருது விடுவார்கள். அப்பா அந்த எருதானார். தலையைத் தாழ்த்தினார். காலால் டைல்ஸைச் சுரண்டினார். மூக்கால் புஸ் புஸ் என்றார். ஹாலைச் சுற்றி இரண்டு ஓட்டம் ஓடி சோபாவை முட்டினார். மேடம் அப்படி ஒரு பேயைப் பார்த்ததே இல்லை போலும், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பையன் கத்திக்கொண்டே கடலைக்காயை வாரி அடித்தான். அவர்கள் கத்தியதில் சோத்தோ சோத்தோ என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. சோறு கேக்குதுங்க பாரு என்றாள் அம்மா.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் நானும் சிரித்தேன்.

மேடம் என் பெட்டியைத் தொட்டு, நீயும் வீசு என்று ஜாடை காட்டினார். ஒரு கடலைக்காயை எடுத்தேன். கை எழும்பவில்லை. அதற்குள் பேயைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் முன்வாசலைத் தாண்டிவிட்டார்கள். போர்ட்டிகோ, கார், கேட் வரைக்கும் அடி. அப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்து ஓடினார். அந்த ஓட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, ஆனால் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் தோப்பில் விழுந்த மாங்காயைப் பொறுக்கப் போனால் தோப்புக்காரர் கல்லால் அடித்துத் துரத்துவார், தலையை மூடிக்கொண்டு இப்படித்தான் ஓடுவோம், ஓட்டத்தில் எங்களை யாரும் பிடிக்க முடியாது என்று அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை அது.

மேலே பால்கனியில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவையும் வேடிக்கைக்குக் கூப்பிட்டிருந்தார்.

"என்னாப்பா, நல்லா வாங்குனியா? இதுக்கும் சேத்துதான் சம்பளமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா முகமூடியோடு நிமிர்ந்து பார்த்து, கை கூப்பினார். சிவப்பு முகம், கோரைப்பல், கொம்பு, அதற்குக் கீழே கும்பிட்ட கை. எனக்கு உச்சந்தலை சூடானது.

மேடம் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு தேக்குக் கதவைப் படாரென்று சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்பா வெளியே.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது. வேஷம் முடிந்தது, முகமூடியைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். வழக்கம்போல சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். முகமூடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப்போனார். மேடம் அதைப் பார்த்தார். நோ நோ நோ என்று அலறிக்கொண்டு ஓடினார். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். அப்பா காலைப் பின்னால் எடுத்தார். மேடம் அந்த இரும்புக் கதவையும் அவர் முகத்துக்கு நேரே சாத்தினார்.

பையன் மிச்சமிருந்த ஒரு கடலைக்காயை அந்தக் கதவின்மேல் எறிந்தான். அவனைப் பொறுத்தவரை விளையாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

நான் பெட்டியோடு சேர்த்து அவன் நெற்றியில் போட்டேன்.

சத்தம் பெரிதாக வரவில்லை. டொக் என்றது. கடலைக்காய் தரையெங்கும் ஓடியது. பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான், அடி எங்கிருந்து வந்தது என்று புரியாத பார்வை. பிறகுதான் அழுகை. அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. அப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டி என்னாச்சி என்னாச்சி என்றார்.

"உம் பொண்ணு நம்ம பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டா," என்றாள் அம்மா கதவைப் பார்த்து. மூட்டை கட்டுவதை அந்த நொடியே ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவள் கண் அலமாரியில் இருந்த எங்கள் டிபன் பாத்திரங்களைத் தேடியது.

மேடம் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், ஆறு வயதுப் பையனை. ஃப்ரிட்ஜில் குளிர்ந்து கிடந்த ஒரு கரண்டியை எடுத்து அவன் நெற்றியில் அழுத்தினார். அப்படியே நடந்துபோய் முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அகலமாகத் திறந்து, அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா சுற்றி வந்தார். படிக்குக் கீழே நின்றார். முகமூடி கையில் இருந்தது. புலித்துண்டை அவிழ்க்க மறந்திருந்தார்.

"சாரி மேடம். சின்னப் பொண்ணு மேடம். தெரியாம..."

"டிரைவர்-சான். கம்."

"நோ மேடம். ஐ, பேக் சைட் மேடம்." கையை நீட்டிப் பின்பக்கம் காட்டினார்.

மேடம் தலையாட்டினார். இல்லை என்ற ஆட்டல். கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினார், இதற்குமேல் அது திறக்காது. பிறகு அம்மா சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னார்.

"வாங்க."

அப்பா நகரவில்லை.

"வாங்க. வாங்க."

மேலே பால்கனியில் சிரிப்பு நின்றிருந்தது. அப்பா முன்வாசல் படியில் ஏறினார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதை மறைக்க ஒரு காலை இன்னொரு காலின்மேல் வைத்துக்கொண்டு நிலைக்கு அந்தப் பக்கமே நின்றார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அந்த நேரம் இடுப்பிலிருந்த பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கதவோரம் வைத்திருந்த மேடத்தின் பெட்டியில் கைவிட்டு ஒரு பிடி கடலைக்காயை எடுத்து வீசினான். இந்தத் தடவை ஹாலுக்குள், தரையைப் பார்த்து, மெதுவாக. ஏதோ முணுமுணுத்தான். மறுபடியுமா என்று நான் பல்லைக் கடித்தேன். அம்மா என் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடம் எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் வயசு எத்தனையோ அத்தனை கடலைக்காயை எண்ணிக் கொடுத்தார். அதைத் தின்ன வேண்டுமாம். தங்கைக்கு மூன்று. கென்ட்டாவுக்கு ஆறு. எனக்கும் ஒன்பது எண்ணி வைத்தார், அடித்தவள் என்று ஒன்றுகூடக் குறைக்கவில்லை. அப்பாவிடம் வந்து விரலை ஆட்டினார், எத்தனை என்று.

அப்பாவுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோன்றின தேதியை எழுதியதுதான் லைசென்ஸிலும் இருந்தது. முப்பத்தி மூணு இருக்கும் என்றார். அம்மா, கல்யாணத்தப்பவே இருபத்தஞ்சின்னு சொன்னாங்களே, கூட்டிப் பாரு, முப்பத்தஞ்சி வருது என்றாள். அவ்வளவு பயத்திலும் இந்தக் கணக்கில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முப்பத்தைந்தாகவே எண்ணினார். சார் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார் என்று அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். மேடம் விடவில்லை. சோபாவின் நுனியில் புலித்துண்டோடு உட்கார்ந்து, உரித்து உரித்து, ஒவ்வொன்றாகத் தின்றார். தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

என் ஒன்பதையும் நான் தின்றேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது.

வேலை போகவில்லை. மறுநாள் சார் பையனின் வீக்கத்தைப் பார்த்தாராம், ஏதோ கேட்டாராம், மேடம் ஏதோ சொன்னாராம், அவர் அப்பாவின் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினாராம். ஆனால் அம்மா அதன்பிறகு என்னை அங்கே கூட்டிப்போகவே இல்லை. பள்ளி விட்டால் லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரர்களோடு கிடந்தேன். இரண்டு வருடம் கழித்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வேலைக்காரனைப் பேயாக்கித் துரத்துகிற கூட்டம் என்று பள்ளிக்கூடத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

இப்போது நானும் ஓசூரில்தான் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். போன பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து ஒருவர் மெஷின் பார்க்க வந்தார். கேன்டீனில் எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அடங்கவில்லை, கேட்டுவிட்டேன். உங்கள் ஊரில் டிரைவருக்குப் பேய் வேஷம் போட்டு அடித்துத் துரத்துவீர்களாமே, அது என்ன பண்டிகை என்று.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். டிரைவரா, எந்த வீட்டிலும் அப்பாதான் பேய், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்றார். தன் அப்பா பேயாக வந்தது, இப்போது தான் பேயாக வருவது, தன் பெண் எறிந்து கண்ணாடி உடைந்தது எல்லாம் சொன்னார். துரத்திக் கதவைச் சாத்திய பிறகு பேய் எங்கே போகும் என்று கேட்டேன். முகமூடியைக் கழற்றிவிட்டு முன்வாசல் வழியாக அப்பாவாகத் திரும்பி வருவார், சோத்தோ, அதாவது வெளியே, என்று பேயைப் போகச் சொல்கிற மாதிரியே நல்லதை உள்ளே வரச் சொல்லியும் வீசுவோம், அப்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். பின்வாசல் வழியாக வந்தால் என்றேன். அவர் சோற்றில் சாம்பாரை ஊற்றினார். பின்வாசல் வழியாக ஏன் வருவார், அவர் வீடுதானே என்றார். கடலைக்காய் எறிந்தார்கள் என்றேன். அப்படியென்றால் அந்த அம்மாவுக்கு ஊர் ஜப்பானில் வடக்குப் பக்கம், எங்கள் பக்கம் சோயா பீன்ஸ்தான் வீசுவோம் என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறார். கேட்டுக்கொண்டே வேன் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தம்மா பின்னாடிக் கதவச் சாத்துனாங்களே, முன்னாடி வரத்தான் சொல்றாங்கன்னு ஒனக்குத் தெரியலயாப்பா?"

"வேல போச்சின்னு நெனச்சன்."

"அந்தப் பின்னாடிக் கதவுல வான்னு அவங்க எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?"

துடைப்பதை நிறுத்தினார்.

"எதுல வரணும்னு யாரும் சொல்லல பாப்பா," என்றார். "மொத நாளே நானாத்தான் அந்தப் பக்கம் போனன்."

நாற்பத்து மூன்று அடி என்று எண்ணத் தெரிந்திருந்தது எனக்கு. பதினொரு அடியில் ஒரு கதவு இருக்கும்போது ஒரு மனிதர் நாற்பத்து மூன்று அடியை முதல் நாளே, யாரும் சொல்லாமல், எங்கிருந்து கற்றுக்கொண்டு வந்தார் என்று கேட்கத் தெரியவில்லை. அங்கே நிழல் என்றார். நம்பினேன். அடி யாருக்குப் போக வேண்டும் என்று தெரியாததால்தான் அன்றைக்கு அந்த வீட்டில் கைக்கு எட்டிய நெற்றியில் போட்டேன்.